நகம் வெட்டாத சேவல்

அத்தியாயம் 14

பத்து மணிக்குள் ஏழு கோழிகளை அறுத்து முடித்திருந்தாள் கன்னியம்மா. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்கு அப்படித்தான். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள் இறங்காமலே ஒரு கோழியைக் கைகாட்டுவார்கள். இவள் கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, புளியங்கட்டையில் கழுத்தை வைத்து, ஒரே போடு. துள்ளி அடங்குகிறவரை அதன்மேல் கூடையைக் கவிழ்த்து ஒரு காலால் மிதித்துக்கொள்வாள். அப்புறம் வெந்நீர், இறகு பிடுங்கல், நெருப்பில் ஒரு வாட்டல். வெள்ளானூரில் கோழிக்கறி என்றாலே கன்னியம்மா வீடு என்று பேர் விழுந்ததற்கு அந்தக் கை வேகம்தான் காரணம்.

இத்தனை உயிர் பார்த்த கை, எட்டாவது கோழியைக் கட்டையில் வைக்காமல் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் மணிச் சத்தம் கேட்டது.

அந்த மணியைப் பற்றித் தெரியாமல் இந்த வாரம்தான் யாராவது நம்மோடு சேர்ந்திருந்தால், அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம். மற்றவர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிடலாம்.

கன்னியம்மாவின் புருஷன் கங்காதரன் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டினான். தை மாதம் அந்த மிஷின் அவன் வலது கையில் இரண்டு விரலைத் தின்றது. புண் சீழ் வைத்து, மணிக்கட்டோடு கையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, கன்னியம்மா ஈரத் துணியோடு எல்லையம்மன் முன்னால் போய் விழுந்தாள். கை போகாமல் நின்றால் ஆடியில் சேவல் அறுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். செவலைச் சேவல் ஒன்றின் காலில் மஞ்சள் கயிற்றில் சின்ன மணியைக் கோத்துக் கட்டி விட்டாள். நேர்ந்து விட்டது எங்கே மேய்ந்தாலும் யாரும் விரட்டக் கூடாது. அது அம்மன் சொத்து.

கை நின்றது. மூன்று விரல்தான், ஆனாலும் சைக்கிள் பிடிக்கும், சோறு பிசையும். அன்று முதல் கங்காதரன் முதல் கவளத்தை அந்தச் சேவலுக்குப் போடாமல் சாப்பிடுவதில்லை. அம்மனிடம் போய்ச் சேருவதற்குள் அதற்கு ஒன்று ஆனால் என் கையும் போச்சு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். விளையாட்டாகச் சொல்கிறான் என்றுதான் கன்னியம்மா முதலில் நினைத்தாள். ஒருநாள் சேவல் பொழுது சாய்ந்தும் கூடு திரும்பவில்லை என்று அவன் விரலில்லாத கையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுததைப் பார்த்த பிறகு அவளுக்கு விளையாட்டு விட்டுப்போயிற்று.

பங்குனியில் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தது. இரண்டே நாளில் பதினொரு கோழி. மணி கட்டிய சேவலும் அதில் ஒன்று.

கங்காதரன் வேலைக்குப் போயிருந்த நேரம். பூசணிக் கொடியின் அடியில் குழி தோண்டிப் புதைத்தாள். கயிற்றையும் மணியையும் அவிழ்த்து, அதே தாய்க்கோழி அதே ஈட்டில் பொரித்த இன்னொரு செவலையின் காலில் கட்டினாள். அதே உடம்பு, அதே கறுப்பு வால். ஒரே ஒரு வித்தியாசம்தான். தன் வீட்டுக் கோழி என்று அடையாளம் தெரிய, குஞ்சாக இருக்கும்போதே இடது கால் நடுவிரல் நுனியை நகத்தோடு நறுக்கிவிடுவாள் கன்னியம்மா. அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு விரல் கணக்கு. ஆனால் ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு சேவலை மட்டும் நறுக்காமல் விட்டுவைப்பாள். யாருக்கு எப்போது என்ன வேண்டுதல் வருமோ. அம்மனுக்குப் போவது ஊனமில்லாமல் முழுசாக இருக்க வேண்டும். அந்த முழுசு இப்போது பூசணிக்கு உரமாகிவிட்டது. மணியோடு திரிவது விரல் நறுக்கியது.

வருகிற ஞாயிறு எல்லையம்மனுக்கு ஆடிக் கூழ் ஊற்றுகிறார்கள். கோயிலில் சேவலின் காலைப் பிடிக்கப் போகிறவன் கங்காதரன். அவன் கண்ணுக்கு நேரே அந்த நடுவிரல் இருக்கும். இதை நினைத்து நினைத்துத்தான் கன்னியம்மாவுக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை.

போதும், திரும்பி வருவோம்.

வேலிக்கு அந்தப் பக்கம் கங்காதரனின் அண்ணன் தசரதனுடைய கீரைப் பாத்திகள். ஒரே மனையை இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் தம்பி வீட்டுக் கோழி, அந்தப் பக்கம் அண்ணன் வீட்டுக் கீரை. பிரித்தவர்கள் சேவலிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். மணலோடு கலந்து தூவிய முளைக்கீரை விதையை இரண்டு தடவை அது கிளறித் தின்றுவிட்டது. மூன்று வாரமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. நேற்றுச் சாயங்காலம்தான் தசரதன் மூன்றாவது தடவையாக விதைத்துத் தண்ணீர் கட்டியிருந்தான்.

கன்னியம்மா கோழியைக் கூடைக்குள் போட்டுவிட்டு வேலிக்கு ஓடினாள்.

சேவல் பாத்தி நடுவில் நின்று, சொந்த நிலம் மாதிரி இரண்டு காலாலும் மாறி மாறிக் கிளறிக்கொண்டிருந்தது. மூன்றடி தள்ளி மண்வெட்டியோடு தசரதன். அவன் கத்தவில்லை, விரட்டவில்லை. குனிந்து அதன் காலைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து வேலியோரம் நின்ற கன்னியம்மாவைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல அவள் வாய் திறப்பதற்குள் மண்வெட்டி இறங்கிவிட்டது.

கழுத்தில் விழுந்தது அடி. தலை ஒரு பக்கம் தொங்க, சேவல் எழுந்து பாத்தியைச் சுற்றி ஓடியது. ஒவ்வொரு சுற்றிலும் மணி அடித்தது. ஈரமண்ணில் ரத்தத்தைத் தெளித்துக்கொண்டே வந்து வரப்பில் முட்டி விழுந்து, இறக்கையால் மண்ணை அறைந்தது. தசரதன் இன்னொரு அடி வைத்தான். மணி நின்றது.

தினம் அறுக்கிற கன்னியம்மாவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மணி நின்றதைக் கேட்டுத்தான் கங்காதரன் வந்தான். பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருந்தவன், தலையில் சோப்பு நுரையோடு, இடுப்பில் ஈரத் துண்டோடு வேலியைத் தாண்டினான். முள் கிழித்ததைக் கவனிக்கவில்லை. மஞ்சள் கயிற்றைப் பார்த்தான். ரத்தத்தைப் பார்த்தான். வாழை மரத்தில் கொத்தி வைத்திருந்த அரிவாளை மூன்று விரலால் பிடுங்கினான்.

"யார்றா அடிச்சது?"

முப்பத்தாறு வயதுக்கு அண்ணனை அவன் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அப்பா செத்த பிறகு தோளில் தூக்கி வளர்த்தவன் அந்த அண்ணன்.

"நான்தான்" என்றான் தசரதன். "மூணு வாட்டி கெளறிச்சி. அடிச்சேன். இன்னா இப்போ? வேற சேவல் உடு."

அவன் குரலில் கோபம்கூட இல்லை. ஏற்கெனவே சொல்லிப் பார்த்து வைத்ததைப் போலச் சொன்னான். கன்னியம்மாவுக்கு அது வித்தியாசமாகத்தான் பட்டது, ஆனால் யோசிக்க நேரமில்லை.

முதல் வெட்டு மண்வெட்டிக் காம்பில் விழுந்தது. காம்பு பிளந்தது. தசரதன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தம்பியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தான். இரண்டு பேரும் பாத்தியில் சாய்ந்தார்கள். நேற்றுக் கட்டிய தண்ணீர் இன்னும் சேறாகத்தான் இருந்தது. கங்காதரன் முழங்காலால் அண்ணன் வயிற்றில் குத்தினான். இடது கையால் முகத்தில் அறைந்தான், மறுபடி அறைந்தான். தசரதன் திருப்பி அடிக்கவில்லை. மணிக்கட்டை விடாமல் மட்டும் பிடித்திருந்தான். உருண்டதில் கங்காதரனின் தலை வாய்க்கால் கல்லில் மோதி, நுரையோடு ரத்தம் கலந்து கண்ணில் வழிந்தது. கண்ணில் விழுந்த ரத்தம் அவனை இன்னும் வெறியாக்கியது. குனிந்து அண்ணனின் கையைக் கடித்தான்.

தசரதனின் மனைவி நாகம்மாள் விதைச் சொம்பை எறிந்துவிட்டு ஓடி வந்தாள். ஆண்கள் பக்கம் போகவில்லை. நேராக வேலிக்கு வந்து, ஓரகத்தியின் கொண்டையைப் பிடித்துக் கீரைப் பக்கம் இழுத்தாள். கன்னியம்மா முள்ளோடு வந்து விழுந்தாள். நாகம்மாள் அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டாள், காது ஙொய்யென்றது.

"சொல்லித் தொலையேன்டி" என்றாள் நாகம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "உன் வாயால நீ சொல்லு. எங்கள சொல்ல வுடாத."

அந்தக் கணம் கன்னியம்மாவுக்கு விளங்கிவிட்டது. நாகம்மாளுக்குத் தெரியும். பங்குனியிலிருந்தே தெரியும். பூசணியடியில் குழி தோண்டியதை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்திருக்க வேண்டும்.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால் அந்த அரிவாள் தன் பக்கம் திரும்பும் என்ற பயம் ஒருபுறம். அதைவிடப் பெரிய பயம், நாலு மாதமாகப் பொய்க்குச் சோறு போட்டிருக்கிறோம் என்று தெரிந்தால் இவன் மனசு என்ன ஆகும் என்பது. தரையைப் பார்த்தாள். ஒரு கோழியின் கழுத்தைக் கட்டையில் வைக்கிற நேரம், அவ்வளவுதான் பேசாமல் இருந்தாள்.

அந்த நேரத்தில் கங்காதரன் கையை உருவிக்கொண்டான். இரண்டாவது வெட்டு தசரதனின் இடது தோளில், கழுத்து சேருகிற இடத்தில் இறங்கியது. அவன் ஹக் என்று ஒரு சத்தம் போட்டான். பெரிய சத்தம் இல்லை. ரத்தம்தான் பெரிதாக வந்தது.

மூன்றாவது வெட்டுக்கு அரிவாள் மேலே போயிற்று.

கன்னியம்மா பாய்ந்து செத்த சேவலைத் தூக்கினாள். இடது காலை விரித்துப் புருஷனின் முகத்துக்கு நேராக நீட்டினாள். மணி கடைசியாக ஒரு தடவை சிணுங்கியது.

"இத்த பாருய்யா. நடு வெரல பாரு. நறுக்கிகீது பாரு. இது நேர்ந்து உட்டது இல்ல."

அரிவாள் மேலேயே நின்றது.

"அது செத்து நாலு மாசம் ஆவுது. கழிச்சல்ல போச்சு. பூசணியாண்ட நான்தான் பொதைச்சேன். கயித்த நான்தான் இதுக்கு மாத்திக் கட்னேன்." மூச்சு வாங்கினாள். "நாலு மாசமா சேவல் இல்ல. உன் கை நல்லாத்தான கீது. நல்லாத்தான கீது, பாரு."

கங்காதரன் சேவலின் காலைப் பார்த்தான். நுனி இல்லாத அந்த விரலைப் பார்த்தான். பிறகு அரிவாளைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தான். மூன்று விரலும் அழுத்தமாக, ஒரு நடுக்கமும் இல்லாமல் பிடித்திருந்தன. தை மாதத்துக்குப் பிறகு அந்தக் கை இவ்வளவு நன்றாக வேலை செய்த நாள் வேறில்லை.

அரிவாள் கீழே விழுந்தது. அவன் யாரையும் பார்க்காமல் வேலியைத் தாண்டிப் போய்விட்டான்.

தெருமுனை லோகநாதன் ஆட்டோவைக் கொண்டுவர ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கன்னியம்மாவுக்கு அது ஐந்து வருஷம். புடவைத் தலைப்பைக் கிழித்துச் சுருட்டித் தசரதனின் தோளில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணி நனைந்தது, இன்னொன்று வைத்தாள், அதுவும் நனைந்தது. எத்தனை கோழி ரத்தம் பார்த்திருந்தும் இதன் சூடு அவளுக்குப் புதிதாக இருந்தது.

"மாமா, என்ன மன்னிச்சிடு மாமா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வேறு எதுவும் வரவில்லை.

தசரதனுக்கு உதடு வெளுத்திருந்தது. அவளைக் குனியச் சொல்லிக் கண்ணைக் காட்டினான். தணிந்த குரலில், நிறுத்தி நிறுத்தி, அவன் சொன்னதை அவள் சாகிற வரை மறக்க மாட்டாள்.

"ஊனமானத அம்மனுக்கு அறுக்கக் கூடாதும்மா. நீயும் சொல்ல மாட்டே. அதான் நானே அடிச்சிட்டேன். ரெண்டு நாள் என்னத் திட்டுவான், உட்டுடுவான்னு பாத்தேன்." கொஞ்சம் மூச்சு எடுத்துக்கொண்டான். "எங்க ஊட்டு பின்னால கூடையில ஒண்ணு கவுத்துகீது. நகம் வெட்டாதது. ஞாயித்துக்கிழமைக்கு அத்தக் கொண்டு போங்க."

கோழிக்காலைப் பார்த்த மாத்திரத்தில் யார் வீட்டுக் கோழி என்று சொல்லுகிற ஊரில் பிறந்தவன். சேவலின் காலைப் படித்தவன், தம்பியின் மனசைப் படிக்கத் தவறிவிட்டான். இரண்டு நாள் திட்டோடு போகும் என்று ஒரு மனக்கணக்கு. அந்தக் கணக்கு இப்போது தோள்வழியாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் கேட்டால் வாழைத்தார் இறக்கும்போது அரிவாள்மேல் விழுந்ததாகச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னான். போலீஸ், கேஸ் என்று யாரும் போகக் கூடாதாம். நாகம்மாளும் லோகநாதனும் அவனைத் தூக்கி ஆட்டோவில் கிடத்தினார்கள். கன்னியம்மாவும் ஆட்டோவில் ஒரு காலை வைத்தபோது நாகம்மாள் கையை நீட்டித் தடுத்தாள்.

"நீ ஏறாத."

கன்னியம்மா இறங்கிக்கொண்டாள். ஆட்டோ ஆவடிப் பக்கம் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று.

தசரதன் வீட்டுப் பின்பக்கம், அடுப்பு விறகுக்குப் பக்கத்தில், ஒரு கூடை கவிழ்ந்திருந்தது. மேலே செங்கல். கூடைக்குள் அரிசியும் கொட்டாங்கச்சியில் தண்ணீரும் இருந்தன. நாகம்மாள்தான் வைத்திருக்க வேண்டும். கன்னியம்மா சேவலை வெளியே எடுத்தாள். செவலை. கறுப்பு வால். இரண்டு காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லா விரலும் முழுசாக, எல்லா நகமும் முழுசாக இருந்தன. இப்படி ஒத்த நிறத்தில் ஒன்றைத் தேடிப் பிடிக்க அந்த மனுஷன் எத்தனை ஊர் சைக்கிள் மிதித்தானோ. கீரைக் கட்டு இறக்குகிற வழியெல்லாம் கோழிக் கூடைகளை எட்டி எட்டிப் பார்த்திருப்பான். மூன்று வாரம் பேசாமல் இருந்தவன் செய்த வேலை இது. கன்னியம்மா சேவலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

புருஷனிடம் காட்டவேண்டும் என்று தோன்றியது. உன் அண்ணன் இதைத்தான் செய்தான் என்று சொல்லியே ஆகவேண்டும். சேவலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வேலியைச் சுற்றி வந்தாள்.

கங்காதரன் வாசலில் இல்லை. பம்புசெட்டில் இல்லை. பூசணிக் கொடி பிடுங்கி எறியப்பட்டிருந்தது. அடியில் குழி. குழியோரம் மக்கிய இறகும் இரண்டு சின்ன எலும்பும் கிடந்தன.

கோழிக் கூண்டுக்குப் பின்னால், அவள் தினமும் உட்காருகிற இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். தலையில் சோப்பு காய்ந்து, ரத்தம் காய்ந்து, வேறு யாரோ மாதிரி இருந்தான். முன்னால் புளியங்கட்டை. அதன்மேல் வலது கையை மணிக்கட்டுவரை நீட்டி வைத்திருந்தான். காலையில் அறுத்த ஏழு கோழிகளின் ரத்தம் அந்தக் கட்டையில் இன்னும் பிசுபிசுத்தது. இடது கையில் அவளுடைய கத்தி.

அவளைப் பார்த்ததும் கத்தியைத் திருப்பி, பிடியை அவள் பக்கம் நீட்டினான்.

"எனக்கு எடது கை வாட்டமா வர்ல" என்றான், சாதாரணமாக. "நீதான் ஒரே போடா போடுவே. டாக்டர் அன்னிக்கே எடுத்துட்றேன்னாரு. எடுத்திருந்தா அண்ணன் தோளு தப்பிச்சிருக்கும்."

சேவல் அவள் இடுப்பிலிருந்து நழுவி இறங்கியது. தரையைக் கொத்திப் பார்த்துவிட்டு, குழிப் பக்கம் போய்க் கிளற ஆரம்பித்தது. மணி இல்லாமல் அது நடப்பதே தெரியவில்லை.

கன்னியம்மா கத்தியை வாங்கவில்லை. கட்டைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்தாள். தன் வலது கையை எடுத்து அவன் கைமேல் வைத்து அழுத்தினாள். அடியில் இருந்த மூன்று விரலும் சில்லென்று இருந்தன.

"அந்தக் கயித்த மாத்திக் கட்னது இந்தக் கை" என்றாள். "வாயத் தொறக்க வேண்டிய நேரத்துல மூடிகினு இருந்ததும் நான்தான். மொதல்ல என்னுதப் போடு. அதுக்குக் கீழதான் உன்னுது."

அண்ணன் கூடையில் கவிழ்த்து வைத்திருந்த சேவலைப் பற்றி அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதல் வார்த்தையிலேயே நா குழறியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை நிறுத்தாமல் சொன்னாள். கூடைக்குள் இருந்த அரிசியையும் தண்ணீரையும்கூட விடாமல் சொன்னாள். கங்காதரன் குழிப் பக்கம் திரும்பிச் சேவலின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

தெருவில் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. போய் முக்கால் மணிகூட ஆகவில்லை.

இரண்டு பேரும் கையை எடுக்காமலே வேலி இடுக்கு வழியாகப் பார்த்தார்கள். நாகம்மாள் மட்டும்தான் இறங்கினாள்.